செடி எப்போது மருந்தாகிறது?



கி.பி. 671இல் யீஜிங் என்ற சீனத் துறவி குவாங்ஜோ துறைமுகத்தில் கப்பல் ஏறினார். ஸ்ரீவிஜயத்தில் தங்கி, தாமிரலிப்தியில் கரையிறங்கி, நாளந்தாவில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் படித்தார். பௌத்த மடங்களின் ஒழுக்க விதிகளை அறிந்து வரவே அவர் புறப்பட்டார். ஆனால் அவர் எழுதிய நூலில் மருத்துவத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஜின்செங், மாஹுவாங், ஃபூத்சு போன்ற தம் நாட்டு உயர்ந்த மருந்துகளை இங்கே விசாரித்துப் பார்த்தும் காணவில்லை என்கிறார். கடுக்காய் இங்கே மலிந்து கிடக்கிறது, பெருங்காயம் மேற்கே விளைகிறது, கர்ப்பூரம் தென்கடல் தீவுகளிலிருந்து வருகிறது என்று குறித்து வைத்திருக்கிறார். அவர் தேடிக் காணாத மாஹுவாங்கையும் ஃபூத்சுவையும் பற்றி இன்று நான் கொஞ்சம் விரிவாகவே பேசப் போகிறேன்.

யீஜிங் கப்பல் ஏறிய காலத்தில் சீனத்தில் சுன் சுமியாவ் என்ற பெரும் வைத்தியர் வாழ்ந்துகொண்டிருந்தார். 682இல் மறைந்தவர். அவருடைய நூலில் இந்திய வைத்தியர் ஜீவகரின் பெயர் வருகிறது. உலகத்தில் மருந்தாகாத பொருள் ஒன்றுமில்லை என்ற கருத்தை ஜீவகர் சொன்னதாக அவர் எடுத்தாள்கிறார். ஆயுர்வேத ஆசிரியர் சரகரும் இதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். ஜீவகரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தட்சசீலத்தில் ஏழு ஆண்டு படித்து முடித்தவரிடம் ஆசிரியர் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, ஊரைச் சுற்றி ஒரு யோசனை தூரம் நடந்து, மருந்தாகப் பயன்படாத செடி எதைக் கண்டாலும் கொண்டுவா என்றார். மாணவர் வெறுங்கையோடு திரும்பினார். தேர்ச்சி பெற்றுவிட்டாய் என்று ஆசிரியர் அனுப்பிவைத்தார்.

இந்தக் கதையை மூலிகைகளின் பெருமைக்குச் சான்றாகவே மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் கேட்கிறது. எல்லாச் செடியும் மருந்தாகும் என்றால், எந்தச் செடியும் பறித்த மாத்திரத்தில் மருந்தாகிவிடாது. யாருக்கு, எந்த நிலையில், எதோடு சேர்த்து, எப்படிப் பக்குவம் செய்து கொடுக்கிறோம் என்பவைதான் அதை மருந்தாக்குகின்றன. இமயத்தின் இரு பக்கத்திலும் வளர்ந்த இரண்டு மருத்துவங்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. நம் காலம் மறந்துகொண்டிருப்பதும் இதையேதான். "சர்க்கரைக்கு என்ன மூலிகை? மூட்டுவலிக்கு என்ன மூலிகை?" என்று என்னிடம் கேட்காத கூட்டமே இல்லை. கேட்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. நோய்க்கு ஒரு செடி என்று அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்ட வைத்தியர்கள் மீதுதான் வருத்தம்.

முதலில் சுவை. ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் ஒரு வேரின் இயல்பை அறிய வைத்தியனுக்கு நாக்குதான் கருவி. நம் மரபில் சுவை ஆறு. சீனத்தில் துவர்ப்பைத் தனியே எண்ணாமல் ஐந்து. இனிப்பு உடலைத் தேற்றும், கைப்பு வெப்பத்தைத் தணித்து உலர்த்தும், கார்ப்பு அடைப்பைத் திறந்து வெளியே தள்ளும் என்பதில் இரு மரபுகளுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. உப்புச் சுவை கட்டியை இளக்கும் என்று சீனர்கள் சொன்னார்கள். நான்காம் நூற்றாண்டில் சீன வைத்தியர் கே ஹோங் கழுத்துக் கழலைக்குக் கடற்பாசியைக் கொடுக்கச் சொன்னதில் அந்தக் கருத்து நடைமுறையானதைப் பார்க்கிறோம். கடற்பாசியில் அயோடின் இருக்கிறது என்பது மிகப் பின்னால் தெரிந்தது.

ஆனால் நாக்கு சொல்வதோடு நம் மரபு நின்றுவிடவில்லை. சுவை, குணம், வீரியம், பிரிவு, மகிமை என்று ஐந்து படிகளை வைத்தது. நெல்லிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் புளிக்கிறது, புளிப்பு பித்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டுவதில்லை, தணிக்கிறது. ஏனென்றால் அதன் வீரியம் தட்பம், செரித்தபின் அதன் பிரிவு இனிப்பு. திப்பிலி நாக்கில் காரம், செரித்தபின் இனிப்பு. அதே சமயம் திப்பிலியை அளவுக்கு மீறி நெடுநாள் தின்னாதே என்று சரகர் பெயர் சொல்லியே எச்சரிக்கிறார். கொடிவேலியும் நாகதந்தியும் சுவையில், வீரியத்தில், பிரிவில் ஒத்தவை. இருந்தும் நாகதந்தி வயிற்றைக் கழியவைக்கிறது, கொடிவேலி அப்படிச் செய்வதில்லை. ஏன்? அது அதன் மகிமை, சிந்தித்துப் பிடிபடாதது என்று சரகரின் நூல் விட்டுவிடுகிறது. கோட்பாட்டுக்குள் அடங்காத ஒன்றைக் கோட்பாட்டுக்குள் திணிக்காமல், கண்டதைக் கண்டபடி பதிந்து வைத்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சீனர்கள் வீரியத்தைத் தட்பம், குளுமை, இளஞ்சூடு, வெம்மை என நான்கு தன்மைகளாக வைத்தார்கள். மருந்து மேலே ஏறுமா, கீழே இறங்குமா, எந்த நாளத்தில் நுழையும் என்பதையும் கணக்கில் கொண்டார்கள். இங்கே ஒரு குறிப்பு. நம் ஐம்பூதங்களையும் சீனரின் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்திக் காட்டும் புத்தகங்கள் விற்கின்றன. அது தவறு. மண், நீர், தீ, காற்று, வெளி என்பவை பொருள் எதனால் ஆனது என்பதற்கான விடை. மரம், தீ, மண், உலோகம், நீர் என்பவை ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்தும் அடக்கியும் நடக்கும் இயக்கங்கள். கேள்வியே வேறு.

அடுத்தது நோயாளி. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் குளிர்க் காய்ச்சல்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் சீன மருத்துவக் கல்லூரிகளில் பாடம். அதில் ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேருக்குக் காய்ச்சல். இருவருக்கும் தலைவலி, குளிர் நடுக்கம். ஒருவருக்கு வியர்க்கிறது, மற்றவருக்கு வியர்வையே இல்லை. வியர்ப்பவருக்கு ஒரு குடிநீர். இலவங்க மரத்தின் இளங்குச்சி, பியோனி வேர், இஞ்சி, இலந்தை, அதிமதுரம் என்று ஐந்து சரக்கு. வியர்க்காதவருக்கு மாஹுவாங், இலவங்கக் குச்சி, ஆப்ரிகாட் பருப்பு, அதிமதுரம். மாஹுவாங் மூடிய தோலைத் திறந்து வியர்வையை வலிந்து வரவழைக்கும். ஏற்கெனவே வியர்த்துச் சோர்ந்தவருக்கு அதைக் கொடுத்தால் இருக்கிற பலமும் போகும். நோயின் பெயர் ஒன்றாக இருந்தும், வியர்வை என்ற ஒரே குறி மருந்தை மாற்றிவிடுகிறது.

முதல் குடிநீரைக் குடிக்கும் விதியையும் சொல்ல வேண்டும். குடித்த சிறிது நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சி குடிக்க வேண்டும். போர்த்திப் படுக்க வேண்டும். உடம்பெங்கும் மெல்லிய ஈரம் பரவினால் போதும், ஆறாய் வியர்வை கொட்டினால் நோய் நீங்காது. ஒரு முறை குடித்துக் குணமானால் மீதியைக் குடிக்காதே. கஞ்சியும் போர்வையும் நிறுத்தவேண்டிய நேரமும் மருந்துச் சீட்டுக்குள்ளேயே அடக்கம். நம் அனுபானமும் பத்தியமும் இதே இனத்தவை. ஒரே சூரணத்தைத் தேனில் குழைத்தும் நெய்யில் குழைத்தும் வெந்நீரிலும் தனித்தனி ஆட்களுக்குக் கொடுக்கிறோமே, அது தொண்டையில் இறங்குவதற்காகச் செய்யும் உபாயம் மட்டும் இல்லை.

மாஹுவாங் பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபிட்ரின் என்ற சத்தைப் பிரித்தார். ஆஸ்துமாவுக்கு அது நல்ல மருந்தாயிற்று. பிறகு அமெரிக்கக் கடைகளில் மாஹுவாங் சாறு உடல் மெலிய உதவும் மாத்திரையாக வந்தது. சளியும் குளிரும் இழுப்பும் இல்லாத, உடல் எடையை மட்டுமே குறைக்க விரும்பியவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகி, ரத்த அழுத்தம் ஏறி, மரணங்களும் நேர்ந்தபின் 2004இல் அமெரிக்க அரசு எபிட்ரா (மாஹுவாங்) சேர்ந்த துணையுணவுகளைத் தடைசெய்தது. "சீன மூலிகை ஆபத்தானது" என்று அப்போது செய்தி பரவியது. ஜாங் ஜோங்ஜிங் அந்த மருந்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்.

மூன்றாவது, கூட்டு. சீனர்கள் ஒரு மருந்தில் சேரும் சரக்குகளை அரசன், அமைச்சர், துணைவர், தூதர் என்று தரம் பிரித்தார்கள். நம்மிடம் அப்படிப் பெயர்கள் இல்லாவிட்டாலும் அந்த அறிவு இருக்கிறது. நிலவேம்புக் குடிநீரையே பாருங்கள். டெங்கு பரவிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தெருத் தெருவாகக் கொடுத்தோம். நிலவேம்புச் சாறு என்று நினைத்து மற்றவற்றை விட்டுவிட்டவர்களும் உண்டு. உண்மையில் ஒன்பது சரக்கு. நிலவேம்பு, பேய்ப்புடல், பற்பாடகம் ஆகியவை கைப்பு; காய்ச்சல் வெப்பத்தை இறக்க. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம் ஆகியவை குளிர்ச்சியும் மணமும். தாகத்தையும் எரிவையும் ஆற்ற. கோரைக்கிழங்கு வயிற்றுக்கு. இவ்வளவு குளிர்ச்சிக்கு நடுவில் சுக்கும் மிளகும் எதற்கு? காய்ச்சலில் வயிற்றுத் தீ இடம்பெயர்ந்து உடம்பெங்கும் பரவுகிறது, அதனால்தான் பசி போய்விடுகிறது என்பது நம் மரபின் விளக்கம். கைப்பை மட்டும் கொடுத்தால் மிச்சமிருக்கும் தீயும் அவியும். சுக்கும் மிளகும் அதைக் காக்கின்றன. இப்படிப் படித்துப் பார்த்தால் பட்டியல் ஒரு யோசனையாகத் தெரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குடிநீர் குடிப்பதால் டெங்கு நோயாளியின் ரத்தப் பரிசோதனையையோ, தேவைப்பட்டால் மருத்துவமனைச் சேர்க்கையையோ தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போடச் சொல்பவரை நம்பாதீர்கள்.

மிளகின் வேலைக்கு இன்று அறிவியல் சான்றும் கிடைத்திருக்கிறது. 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இது. மஞ்சளின் சத்தான குர்குமினை 2 கிராம் தனியே கொடுத்தபோது ரத்தத்தில் அது ஏறக்குறைய தென்படவே இல்லை. கூடவே மிளகின் சத்தான பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த அளவு 20 மடங்கு உயர்ந்தது. குடலும் கல்லீரலும் குர்குமினைக் கட்டி வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் தாமதப்படுத்துகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் ஏன் இத்தனை மருந்துகளில் கூட்டாளியாக வருகிறது என்பதற்கு ஒரு விடை இதில் இருக்கிறது. கூடவே ஒரு பொறுப்பும் இருக்கிறது. பைப்பரின் குர்குமினை மட்டும் உயர்த்துவதில்லை. ப்ரோப்ரனலால், தியோபிலின் போன்ற ஆங்கில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் உயர்த்தும். சாப்பாட்டில் போடும் மிளகைச் சொல்லவில்லை. மாத்திரையாக விழுங்கும் பைப்பரினைச் சொல்கிறேன். அதை எடுப்பவர் தம் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

இனி, சுத்தி. இன்றைய உரையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இது.

"மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது" என்ற பேச்சு எங்கே பிறந்தது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு மரபின் எந்த மூல நூலிலும் அது கிடையாது. நஞ்சைப் பற்றி அவர்கள் எழுதியதைப் படித்தால் அவர்களுக்கு இருந்த பயமும் கவனமும் தெரியும். வச்சநாபி அதற்குச் சரியான உதாரணம். நாவி என்றும் சொல்கிறோம். அதன் உறவுச் செடியே யீஜிங் தேடிய ஃபூத்சு; சிச்சுவான் மாகாணத்து ஜியாங்யோ அதற்குப் பெயர்போன ஊர். இந்தக் கிழங்கில் உள்ள அகோனிடின் இரண்டு மில்லிகிராம் அளவில் உயிரைப் பறிக்கக் கூடியது. முதலில் நாக்கு மரத்துப்போகும், பிறகு இதயம் தாளம் தப்பும். இப்படிப்பட்ட ஒன்றை இரு நாட்டு வைத்தியர்களும் ஏன் கைவிடவில்லை? உடல் சில்லிட்டு, நாடி இறங்கி, உயிர் ஒடுங்கும் நேரத்தில் வெம்மையைத் திருப்பிக் கொண்டுவர அதற்கு நிகரில்லை என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

ஆகவே அதைப் பக்குவப்படுத்தக் கற்றார்கள். நம் பக்கத்தில் கிழங்கைத் துண்டுபோட்டு, கோநீரில் மூன்று நாள் ஊறவைத்து வெயிலில் வைப்பார்கள். தினமும் கோநீரை மாற்றுவார்கள். பாலில் வேகவைப்பதும் உண்டு. சீனத்தில் உப்பளக் காடிநீரில் ஊறவைத்து, வேகவைத்து, சீவி, அலசி, ஆவியில் வாட்டுவார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. வேதியியல் இன்று சொல்வது இது: நீரும் வெப்பமும் நேரமும் சேரும்போது அகோனிடின் உடைந்து பென்சாயில்அகோனினாகவும் பிறகு அகோனினாகவும் மாறுகிறது, ஒவ்வொரு படியிலும் நஞ்சு பல மடங்கு இறங்குகிறது. கொஞ்சம் ஊறல் நீரில் கரைந்தும் போகிறது. மூலக்கூறின் பெயர் தெரியாமல், அதை உடைக்கத் தெரிந்திருந்தார்கள். அந்த அறிவுக்கு எத்தனை உயிர்கள் விலையாகியிருக்கும் என்று நினைக்கும்போது, சுத்தி முறையில் ஒரு நாளைக் குறைத்து லாபம் பார்க்கும் தயாரிப்பாளர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுத்தி நஞ்சுச் சரக்குக்கு மட்டும் உரியதும் அன்று. சுக்கைச் சுண்ணாம்பில் வைத்துத் தோல் சீவுகிறோம், கடுக்காயின் கொட்டையை நீக்குகிறோம், அமுக்கராக் கிழங்கைப் பாலில் பிட்டவியலாக அவித்து உலர்த்துகிறோம். இன்று உலகமெங்கும் அசுவகந்தா என்று குப்பிகளில் விற்கும் அமுக்கரா சாறு இந்தப் பாலையும் ஆவியையும் கண்டதா என்று குப்பியின் மேல் தேடிப் பாருங்கள்.

பக்குவம் என்றதும் எபிட்ராவுக்கு நேர் எதிரான ஒரு கதையைச் சொல்ல வேண்டும். 1967 மே 23ஆம் தேதி, வியட்நாம் போர்க்காலத்தில், மலேரியாவுக்கு மருந்து தேடச் சீன அரசு ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. தேதியை வைத்தே 523 என்று பெயர். 1969இல் பெய்ஜிங்கிலிருந்த மரபு மருத்துவ ஆய்வகத்தைச் சேர்ந்த து யூயூ அதில் சேர்ந்தார். அவருடைய குழு பழைய நூல்களிலிருந்து இரண்டாயிரம் குறிப்புகளைத் திரட்டி, 640ஐத் தேர்ந்தெடுத்தது. சிங்ஹாவ் என்ற மாசிப்பத்திரி இனச் செடி ஒரு முறை நன்றாக வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. காரணம் பிடிபடவில்லை. அப்போது அவர் கே ஹோங்கின் நூலுக்குத் திரும்பினார். கடற்பாசிக்காக முன்பு சொன்ன அதே கே ஹோங். விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு அவர் சொன்ன முறையில் அடுப்பே இல்லை. ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தச் சாற்றைக் குடிக்கச் சொல்கிறார். வேகவைப்பதால்தான் சத்து அழிகிறதோ என்று து யூயூவுக்குத் தோன்றியது. 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சத்தை எடுத்தார். 1971 அக்டோபர் 4ஆம் தேதி, 191ஆவது மாதிரி சோதனை எலிகளிடம் இருந்த மலேரியா ஒட்டுண்ணியை முழுவதுமாக அழித்தது. அடுத்த ஆண்டு அவரும் தோழர்களும் அதைத் தாங்களே உட்கொண்டு பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து பிரித்த சத்துதான் ஆர்ட்டெமிசினின். 2015இல் நோபல் பரிசு.

சரகர் மருந்துத் தயாரிப்பை ஐந்தாகப் பிரித்தபோது சாறு, கற்கம், குடிநீர், ஊறல் நீர், வெந்நீர் ஊறல் என்று பிரித்தார். எந்தச் செடியைத் தீயில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்ற கேள்வியும் அந்தப் பிரிவில் அடங்கியிருக்கிறது. கே ஹோங்கின் ஒற்றைக் குறிப்பு அந்தக் கேள்வியின் கனத்தைக் காட்டிவிட்டது.

ஆனால் இந்தக் கதையைத் தப்பாகவும் பயன்படுத்துகிறார்கள். ஆர்ட்டெமிசினின் வென்றது வெம்மை, தட்பக் கோட்பாடு சரியென்று நிரூபணமானதாக ஆகாது. ஒரு மூலக்கூறு வென்றிருக்கிறது. அந்தச் செடியைத் தேநீர் போட்டுக் குடித்து மலேரியாவைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் பரப்பியபோது உலகச் சுகாதார நிறுவனம் வெளிப்படையாக மறுத்தது. கிடைக்கும் சத்தின் அளவு நிலையாக இருக்காது என்பது முக்கியக் காரணம். 2006இல் அதே நிறுவனம் ஆர்ட்டெமிசினினைத் தனி மாத்திரையாக விற்பதை நிறுத்தச் சொன்னது. ஒட்டுண்ணி எதிர்ப்பு பெற்றுவிடாமல் இருக்க, கூட்டு மருந்தாகவே கொடுக்க வேண்டும் என்றது.

நாற்பது ஆண்டுக்கு மேல் சோதனைக்கும் திருத்தத்துக்கும் உட்பட்டதால்தான் அது இன்று நம்பத்தக்க மருந்தாக நிற்கிறது. நம் மரபுக்கும் அந்த வழி புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டில் மேகப்புண் கடல் வழியாக வந்தது. பழைய நூல்களில் இல்லாத நோய். சீனத்திலிருந்து ஒரு கிழங்கு கோவாவுக்கு வந்தது. 1563இல் கோவாவில் போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா அச்சிட்ட நூலில் அதற்கு ஒரு பகுதியே இருக்கிறது. ஆயுர்வேத ஆசிரியர் பாவமிசிரர் தம் பாவப்பிரகாசத்தில் புதிய நோயையும் புதிய கிழங்கையும் சேர்த்துக்கொண்டார். சீனத்தில் லீ ஷிஜென், 1892 சரக்குகளை விவரிக்கும் தம் பெருநூலில் அதன் இனத்தை அதே புண்ணுக்கு எழுதினார். நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். பழைய நூலில் இல்லை என்று அவர்கள் ஒதுக்கியிருந்தால் நம் மருந்துகளில் அது இருந்திருக்காது.

சேர்க்கத் தெரிந்த மரபுக்கு நீக்கவும் தெரிய வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காக ஒரு சிகிச்சையகத்தில் சீன மூலிகை கலந்த மாத்திரை வாங்கிய பெண்கள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். 1993இல் டாக்டர்கள் அதை வெளியிட்டார்கள். கடைசியில் நூறு பேருக்கு மேல். ஹான் ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதில், பெயரில் நெருங்கிய குவாங் ஃபாங்ஜி என்ற வேறு செடியின் வேர் கலந்திருந்தது. அது அரிஸ்டோலோக்கியா இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெண்களில் சிலருக்குப் புற்றுநோய் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தச் செடிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. சீன அரசு நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்த குவான் மூதோங்கை 2003இலும், குவாங் ஃபாங்ஜியை 2004இலும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

இந்த இனத்தைச் சேர்ந்த ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் நம் நூல்களில் இருக்கின்றன. விஷக்கடிக்கும் வயிற்றுப்புழுவுக்கும் பாட்டன் காலத்திலிருந்து கொடுத்துவருகிறோம். சிறுநீரகம் கெடுவது பல மாதம் கழித்து வெளிப்படும். புற்று பல ஆண்டு கழித்து. மருந்து கொடுத்த வைத்தியர் கண்ணில் அது படவே படாது. அதனால்தான் நம் முன்னோர் இதைக் கண்டிருக்க வழியில்லை. அவர்களைக் குறைசொல்வதும் நியாயமில்லை. ஆனால் நமக்கு இன்று தெரியும். இந்த அவையில் இருக்கும் சித்த, ஆயுர்வேத வைத்தியர்களையும், மருந்து தயாரிப்பாளர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் சரக்குப் பட்டியலை எடுத்து இந்த இரண்டு பெயர்களையும் தேடுங்கள். உள்ளே போகும் எந்த மருந்தில் இருந்தாலும் நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டவர்கள் யார் என்று தெரிந்தால், கூப்பிட்டுச் சிறுநீரகப் பரிசோதனைக்கு அனுப்பிவையுங்கள்.